ஐபோனும் கூலித் தறிதான் பாஸ்!

டெக் நியூஸ் படிக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. கொஞ்சம் ஓவராவே உண்டு. ரேம் விலை ஏன் ஏறுச்சு, எந்த சிப்பை எந்த ஊர்ல செய்யறாங்க, யார் கம்பெனியை யார் முழுங்கினாங்க... எதைக் கேட்டாலும் தூக்கத்துலகூடச் சொல்வேன். சிலபஸ்ல இருக்கிறதை மட்டும் கேட்கக் கூடாது!

அந்த நியூஸ்ல சில வருஷமா ஒரு ஐட்டம் மாரியம்மன் கூழ் மாதிரி தவறாம வருது. 'நம்ம ஊரில் ஐபோன்!' 2019-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஐபோன் அசெம்பிளியை ஆரம்பிச்சப்போ வந்தது. 2022-ல் ஐபோன் 14 ரிலீஸான சில நாட்கள்லயே 'இது இந்தியாவிலும் தயாராகுது'னு ஆப்பிள் அறிவிச்சப்போ வந்தது. 2024-ல் முதல் தடவையா ப்ரோ மாடலும் இங்கே தயாரானப்போ திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் ஃபேமிலி குரூப்ல மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் வரிசையா கொடி ஏத்துவாங்க. 'அமெரிக்காக்காரன் கையில நம்ம ஊரு போன்டா!'

எனக்கும் பெருமைதாங்க. ஸ்ரீபெரும்புதூர் எங்க காஞ்சிபுரம் மாவட்டம். ஸோ, காலரைத் தூக்கி விட்டுக்க எனக்கு மத்தவங்களைவிட ஒரு இன்ச் உரிமை ஜாஸ்தி. (சுடிதார்ல ஏது காலர்னு கடிக்காதீங்க.) பட், நான் இசிஇ மூணாவது வருஷம் மட்டும் இல்லை, ஒரு தறிக்காரர் பொண்ணும்கூட. அந்த நியூஸைத் தறிக்காரர் பொண்ணா படிச்சா, அதுல ஒரு பழைய விஷயம் பளிச்சுனு தெரியுது. இந்த ஏற்பாடு எங்க வீட்டுல ரொம்ப வருஷமா இருக்கே! இதுக்கு எங்க ஊர்ல பேரே இருக்கு... கூலி நெசவு.

எங்க ஊர் திருப்பருத்திக்குன்றம். காஞ்சிபுரத்தை ஒட்டினாப்ல, வேகவதி ஆத்துக்கு அந்தாண்ட. 'ஆறா? அதுல தண்ணியைக் காணோமே'னு கேட்டா நான் பொறுப்பில்லை. சமணர் கோயில் இருக்கிறதால ஜின காஞ்சினும் சொல்வாங்க. ஊர் பேர்ல பருத்தி, ஊருக்குள்ள பட்டு. இந்த ஜோக்கை எங்க ஊர்க்காரங்க எல்லாரும் ஒரு தடவையாவது அடிச்சிருப்பாங்க.

கூலி நெசவு எப்படினு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். முதலாளி வீட்டுல இருந்து பாவு வரும். ஊடைக்குப் பட்டு வரும். சரிகை எடை போட்டு வரும். உடம்பு என்ன கலர், கரை எவ்வளவு அகலம், முந்தியில மயிலா அன்னமா... எல்லாம் அவங்க முடிவு. அப்பா குழித்தறியில கால் வெச்சு உட்கார்ந்தா, காலைக் காபியில ஆரம்பிக்கிற 'தடக் தடக்' ராத்திரி சீரியல் முடியறவரைக்கும் ஓடும். கோர்வைப் புடவைனா இன்னொரு ஆளும் வேணும். கரைக்குத் தனி நாடா ஓடுறதால, அந்தப் பக்கம் அம்மா. ரெண்டு பேரும் பதினைஞ்சு நாள் மாங்கு மாங்குனு உழைச்சு, புடவையை அறுத்து, மடிச்சு, மிச்ச சரிகையோட கொண்டுபோய்க் கொடுத்தா, அவங்க எடை பார்த்து, பிசிறு பார்த்து, 'இந்தாப்பா'னு கூலி கொடுப்பாங்க. அந்தப் புடவை காந்தி ரோட்டுல எந்த ஷோரூம்ல, என்ன விலைக்குத் தொங்குதுனு நாங்க போய்ப் பார்க்கிறது இல்லை. கடை ரேட்டையும் அப்பாவோட கூலியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கக் கூடாதுங்கிறது எங்க வீட்டுல எழுதாத சட்டம். பார்த்தா சோறு இறங்காது.

இப்ப ஐபோனுக்கு வாங்க. முதலாளி ஆப்பிள். போனுக்குள்ள இருக்கிற மெயின் சிப்பை டிசைன் பண்றது அவங்க. அதைச் செஞ்சு கொடுக்கிறது தைவான்ல டிஎஸ்எம்சி. ஸ்க்ரீன்ல கொரியா கம்பெனிகளோட கைதான் ஓங்கியிருக்கு. இதெல்லாம் பாவு மாதிரி, சரிகை மாதிரி, எண்ணி எண்ணி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து இறங்குது. ஃபாக்ஸ்கான், நடுவுல தறி போட்டு ஆள் வெச்சு நெய்யறவர். லைன்ல நிக்கிற ஆயிரக்கணக்கான பொண்ணுங்க, எங்க அப்பா அம்மா. போனைச் சேர்த்து, சோதிச்சு, பெட்டியில போட்டு அனுப்பினா கூலி. அந்தப் பெட்டியை ஒரு தடவை திருப்பிப் பாருங்க, அவங்களே ஒளிக்காம அச்சடிச்சிருக்காங்க. 'டிசைன்ட் பை ஆப்பிள் இன் கலிஃபோர்னியா'. அதுக்குப் பக்கத்துல 'அசெம்பிள்ட் இன் இந்தியா'. டிசைன் யாரோடது, கூலி யாரோடதுனு இதைவிடத் தெளிவா ஒரு பில்லுகூடச் சொல்லாது!

கூலினா எவ்வளவு? ஐபோன் 4 வந்த காலத்துல அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மூணு பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டாங்க. 2010 கணக்கு அது. போனோட விலையில ஆப்பிளுக்கு லாபமா போனது 58 சதவீதத்துக்கு மேல. அசெம்பிளி பண்ணின சீனத் தொழிலாளிகளுக்குக் கூலியா போனது 2 சதவீதத்துக்கும் கீழே. இன்னைக்கு மாடல் மாறிப்போச்சு, ஊரும் மாறிப்போச்சு, எண்ணும் கொஞ்சம் மாறியிருக்கும். ஆனா ஷோரூமுக்கும் தறிக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை அந்தக் கணக்கு காட்டுதா, இல்லையா?

'அதெல்லாம் சரிம்மா, பார்ட்ஸ் எல்லாம் வெளியில இருந்து வருது, அதனால இது நம்ம போன் இல்லைங்கிறியா?'னு கேட்பீங்க. இல்லைங்க! அந்த வாதத்தை நான் ஏத்துக்கவே மாட்டேன். ஏன்னா, காஞ்சிபுரம் பட்டுலயே பட்டு பெரும்பாலும் கர்நாடகா, சரிகை பெரும்பாலும் சூரத். அப்படிப் பார்த்தா எங்க புடவையும் 'அசெம்பிள்ட் இன் காஞ்சிபுரம்'தான். ஆனா 2005-ல் அதுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தப்போ, எந்த ஊர்ப் பேரைப் போட்டாங்க? காஞ்சிபுரம்! பார்ட்ஸ் எங்கிருந்து வேணா வரட்டும். கோர்வை போடுற கை இங்க இருக்கு, முந்தியை உடம்போட சேர்க்கிற வித்தை இங்க இருக்கு, பேரும் இங்க இருக்கு. அந்தப் பேரால சம்பாதிக்கிறது நெய்யறவர் இல்லை, அது வேற சோகம். ஆனா அந்தப் பேரைச் சுருட்டி எடுத்துக்கிட்டு, விடிஞ்சா வேற நாட்டுக்கு யாராலயும் போக முடியாது.

போனை எடுத்துக்கிட்டுப் போக முடியும். போயிருக்காங்க.

நோக்கியா கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாதவங்க வீட்டுல அண்ணன், அக்கா யாரையாவது கேளுங்க. பாம்பு கேம் ஆடின தலைமுறை கண் கலங்கும். 2006 ஜனவரியில ஸ்ரீபெரும்புதூர்ல உற்பத்தி ஆரம்பிச்சாங்க. 2011-க்குள்ள 50 கோடி போன். உலகத்துலயே பெரிய போன் ஃபேக்டரிகள்ல ஒண்ணு. உச்சத்துல அங்க நேரடியா வேலை பார்த்தவங்க மட்டும் சுமார் 8,000 பேர். சுத்துவட்டாரத்துல எத்தனை வீட்டுல சீட்டு கட்டினாங்க, எத்தனை வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாங்க, எத்தனை பொண்ணுங்க தன் கல்யாணத்துக்குத் தானே நகை சேர்த்தாங்க! அப்புறம் என்னாச்சு? ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்து நோக்கியாவோட பிசினஸைச் சாச்சிருச்சு. 2013-ல் வருமான வரிப் பிரச்னை. 2014 ஏப்ரல்ல மைக்ரோசாஃப்ட், நோக்கியாவோட போன் பிசினஸை உலகம் முழுக்க வாங்கினப்போ, வழக்குல முடங்கிக் கிடந்த இந்த ஃபேக்டரியை மட்டும் விட்டுட்டு வாங்கினாங்க. 2014 நவம்பர் 1-ம் தேதி கதவை மூடினாங்க. நோக்கியாவை நம்பி அதே வளாகத்துல இருந்த ஃபாக்ஸ்கானும் அந்த டிசம்பர்ல உற்பத்தியை நிறுத்துச்சு. ஆமா பாஸ், இதே ஃபாக்ஸ்கான். ஸ்ரீபெரும்புதூருக்கு அவங்க வந்தது இது முதல் தடவை இல்லை.

இதுல நான் படிச்சு அசந்துபோன ஒரு விஷயம் இருக்கு. அந்த வரிச் சண்டை எதைப் பத்தினு நினைக்கறீங்க? போன் வித்த காசைப் பத்தி இல்லை. இங்க செஞ்ச போன்களுக்குள்ள ஏத்தின சாஃப்ட்வேருக்காக, நோக்கியா இந்தியா தன்னோட ஃபின்லாந்து தாய்க் கம்பெனிக்குக் கொடுத்த பணத்தைப் பத்தி! அந்தப் பணத்துக்கு இங்க வரி பிடிச்சிருக்கணும், பிடிக்கலைங்கிறது வருமான வரித் துறையோட வாதம். சுமார் 2,000 கோடி ரூபாய்ச் சண்டை. யார் பக்கம் நியாயம்னு தீர்ப்பு சொல்ல நான் வரலை. ஆனா பாருங்க, கையால செய்யறதெல்லாம் இங்க நடந்தும், மூளைக்கான வாடகை தனியா, பெரிய தொகையா, ஃபின்லாந்துக்குப் போய்க்கிட்டு இருந்திருக்கு.

எங்க வீட்டு பாஷையில சொன்னா, அது அட்டைக் காசு.

அட்டைனா? எங்க தறிக்கு மேல, உத்திரத்தை ஒட்டி ஒரு பெட்டி இருக்கு. ஜக்கார்டு பெட்டி. அதுல ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்கும். ஓட்டை இருக்கிற இடத்துல ஊசி உள்ளே போகும், அந்த இழை மேலே எழும்பும். ஓட்டை இல்லாத இடத்துல எழும்பாது. அப்பா காலை மிதிக்க மிதிக்க அட்டை ஒண்ணொண்ணா நகரும், கீழே மயில் வரும். ஒண்ணு, சைபர். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் முதல் யூனிட் முடிஞ்சுது! 1804-ல் பிரான்ஸ் நாட்டு ஜோசப் மேரி ஜக்கார்டு செஞ்ச வித்தை அது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ், தன்னோட கணக்கு இயந்திரத்துக்கும் அட்டையாலயே கட்டளை கொடுக்கலாம்னு திட்டம் போட்டார். ஜக்கார்டோட உருவத்தையே பட்டுல நெய்த ஒரு படம் பாபேஜ்கிட்ட இருந்துச்சு. அதை நெய்ய 24,000 அட்டை! அப்புறம் 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹாலரித் ஓட்டை அட்டையால எண்ணினார். அவரோட கம்பெனி இன்னும் சிலதோட சேர்ந்து, 1924-ல் பேர் மாத்திக்கிட்டது. புதுப் பேர் ஐபிஎம். ஸோ, கம்ப்யூட்டரோட தாத்தா எங்க வீட்டு உத்திரத்துல தொங்கிட்டு இருக்கார், ஒட்டடையோட.

முதல் வருஷம் இதைப் படிச்சதும் அப்பாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். பெரிய ரியாக்‌ஷன் எதிர்பார்த்தேன். அவர் நாடாவை நிறுத்தாமலே, "அட்டை நம்மளது இல்லம்மா, முதலாளியுது. டிசைன் மாத்துறப்ப வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க"ன்னார்.

அவ்வளவுதான் பாஸ். ஹார்டுவேர் எங்களுது, சாஃப்ட்வேர் அவங்களுது. தறி வீட்டுல இருந்தும் மயில் எங்களுது இல்லை. ஒன்றரைப் பக்கம் கட்டுரை எழுதி நான் சொல்ல வந்ததை அப்பா ஒரு வரியில முடிச்சிட்டார்.

இங்க ஒரு நிமிஷம். இதைப் படிச்சிட்டு யாராவது 'அசெம்பிளி வேலைனா கேவலம்'னு கிளம்பினீங்கன்னா, நானே வந்து சண்டை போடுவேன். எங்க பெரியம்மா பொண்ணு, மொபைல் பாகம் செய்யற ஒரு கம்பெனியில லைன்ல நிக்கிறா. பேர் வேணாம். ஷிஃப்டுக்கு மூங்கில் மண்டபம் பக்கம் கம்பெனி பஸ் வரும். அவளுக்கும் எனக்கும் ஒரு வயசுதான் வித்தியாசம். சம்பளம் அவ பேர்ல இருக்கிற பேங்க் அக்கவுன்ட்ல விழுது. ஏடிஎம் கார்டு அவ ஹேண்ட்பேக்ல இருக்கு. எங்க குடும்பத்துப் பொண்ணுங்கள்ல அப்படி முதல் ஆள் அவதான். எங்க பெரியம்மா ராத்திரி பகலா தறிக்கு அந்தாண்டப் பக்கம் நாடா போட்டதுக்கு, யாரும் தனியா ஒரு ரூபா கையில கொடுத்தது கிடையாது. புடவைக்குத்தான் கூலி, அதுவும் பெரியப்பா கையில! அந்தக் கணக்குல பார்த்தா, ஸ்ரீபெரும்புதூர் தறி எங்க தறியை ஜெயிச்சிருச்சு. மறைக்காம ஒத்துக்கணும்.

ஆனா கூலிக்காரங்களுக்கு வேற பிரச்னைகள் உண்டு. அதுவும் நியூஸ்லதான் வந்துச்சு, கொடி ஏத்தின மாமாக்கள் அன்னைக்கு மட்டும் குரூப்ல சைலன்ட். 2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதிச் சாப்பாட்டால 159 பேர் ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாங்க. அவங்க தோழிகள் ராத்திரியோட ராத்திரியா சென்னை - பெங்களூரு ஹைவேயில உட்கார்ந்துட்டாங்க. விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் சரியில்லைனு ஆப்பிளே ஒத்துக்கிட்டு, அந்த ஆலையைக் கண்காணிப்புல வெச்சது. அதுக்கு முன்னாடி ஆப்பிளுக்குத் தெரியாதா? தெரியறதுக்கு, அந்தப் பொண்ணுங்க ரோட்டுல உட்கார வேண்டியிருந்துச்சு! 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பெண்கள் தங்கற மாதிரி சிப்காட் கட்டின பிரமாண்ட விடுதியை முதல்வர் திறந்துவெச்சார். நல்ல விஷயம். அதுக்கு ரிப்பன் வெட்டினது மந்திரிங்கனாலும், அஸ்திவாரம் போட்டது 2021-ல் ரோட்டுல உட்கார்ந்தவங்கதான்ங்கிறது என் கட்சி.

அதே 2024 ஜூன்ல இன்னொரு குண்டு. ஐபோன் அசெம்பிளி வேலைக்குக் கல்யாணம் ஆன பெண்களைத் தவிர்க்கறாங்கனு ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மத்திய அரசு விளக்கம் கேட்டுச்சு. புதுசா சேர்ந்த பெண்கள்ல கால்வாசிப் பேர் கல்யாணம் ஆனவங்கனு கம்பெனி தரப்புல சொன்னாங்க. அதைப் படிச்சப்போ எனக்கு உடனே அக்கா ஞாபகம்தான். அவளுக்கு வீட்டுல ஜாதகம் எடுத்தாச்சு. தாலி ஏறினா கார்டு ஹேண்ட்பேக்லயே இருக்குமா, கை மாறுமா? கம்பெனி மட்டும் இல்லை, மாப்பிள்ளை வீடும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

செப்டம்பர்ல சுங்குவார்சத்திரம் சாம்சங். ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் செய்யற ஆலை. ஆயிரத்துக்கும் மேல தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம். அவங்க கேட்டதுல முக்கியமான ஒண்ணு, 'எங்க சங்கத்தைப் பதிவு பண்ணுங்க'. நம்ம காலேஜ் க்ரூப்ல அப்போ ஒரு மேதாவி போட்ட மெசேஜ் இன்னும் கண்ணுல நிக்குது. 'இப்படிப் பண்ணினா கம்பெனி எல்லாம் வேற ஸ்டேட்டுக்குப் போயிடும்!' ஏம்ப்பா, நோக்கியா ஸ்ட்ரைக்காலயா போச்சு? அட்டை ஃபின்லாந்துல இருந்துச்சு, போச்சு. சங்கம் 2025 ஜனவரியில பதிவாச்சு. சாம்சங் எங்கயும் ஓடிடலை.

சரி, 'நாங்க என்ன லைன்ல நிக்கவா போறோம், டிசைன் பண்ணப் போறோம், நாங்க முதலாளி சைடு'னு இன்ஜினீயரிங் மக்கள் சிரிக்கிறது கேட்குது. மெதுவா சிரிங்க. சிப் டிசைன்ல நம்ம ஆளுங்க கெட்டி. பெங்களூருலயும் ஹைதராபாத்துலயும் சென்னையிலயும் வெளிநாட்டு சிப் கம்பெனிகளோட டிசைன் சென்டர்கள் கொட்டிக் கிடக்கு. நல்ல சம்பளம், ஏசி, ஃப்ரீ ஸ்நாக்ஸ். ஆனா நீங்க ராத்திரி முழிச்சு வரைஞ்ச சர்க்யூட்டோட உரிமை யாருக்கு? சேர்ற அன்னைக்குக் கையெழுத்துப் போடுற பேப்பர்ல அது இருக்கும். காஞ்சிபுரத்துலயும் டிசைன் போடுறவர் உண்டு. கிராஃப் தாள்ல கட்டம் கட்டமா மயில் வரைவார், இப்போ கம்ப்யூட்டர்ல வரையறார். மயிலுக்கு ஒரு தடவை காசு. அந்த மயில் நூறு புடவையில பறந்தாலும் அவருக்கு அந்த ஒரு தடவைதான். ஸோ, நாமளும் கூலிதான் மக்களே. கூலி கொஞ்சம் ஜாஸ்தி, சேர் கொஞ்சம் சாஃப்ட்.

சொந்தமா அட்டை இல்லாதவனுக்கு என்ன ஆகும்னு 2025 டிசம்பர்ல எங்க வீட்டுல லைவ் டெமோ பார்த்தோம். ப்ராஜெக்ட்டுக்காக ஒரு பழைய பிசியை அப்கிரேடு பண்ண, ரிச்சி ஸ்ட்ரீட்ல ரேம் கேட்டா, கடைக்காரர் தங்கம் விக்கிறவர் மாதிரி 'இன்னைக்கு ரேட்'னு பேசறார். உலகத்துல ரேம் சிப்பைப் பெருமளவு செய்யறது மூணே கம்பெனி... சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ சென்டர்களுக்கான மெமரியில கொழுத்த லாபம்னதும் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. மைக்ரான், அந்த டிசம்பர்ல, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ரேம் வித்துக்கிட்டு இருந்த 'க்ரூஷியல்' கடையையே மூடறோம்னு அறிவிச்சிருச்சு. அதே மாசம்தான் வெள்ளி கிலோ 2 லட்சம் ரூபாயைத் தாண்டுச்சு. சரிகைக்கு உள்ள இருக்கிறது வெள்ளி. எனக்கு ரேம் கிடைக்கலை, அப்பாவுக்குச் சரிகை வரலை. ரெண்டு பேரும் ஒரே திண்ணையில உட்கார்ந்து டீ குடிச்சோம். இத்தனைக்கும் அதே மைக்ரான் 2023-ல், குஜராத் சனந்த்ல ஆலை போடுறோம்னு அறிவிச்சிருக்கு. அங்க என்ன வேலை? சிப்பைச் சோதிச்சு, பேக் பண்றது. புரியுதுல்ல? பாவு வெளியில இருந்து வரும்!

அப்ப நாமளே சிப் செஞ்சுட்டா? அதுவும் லேசுப்பட்ட வேலை இல்லை. மொஹாலியில அரசாங்க சிப் ஆலை 1984-லேயே உற்பத்தி ஆரம்பிச்சது, 1989-ல் தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு. எழுந்து நிக்க வருஷக்கணக்காச்சு, அதுக்குள்ள உலகம் எங்கயோ போயிருச்சு. நம்ம ஸோஹோ 70 கோடி டாலர்ல சிப் ஆலை போடுற யோசனையில இருந்துட்டு, 2025 மே மாசம் 'வேணாம்'னு நிறுத்திட்டாங்க. டெக்னாலஜி விஷயத்துல முழு நம்பிக்கை வராம, மக்களோட வரிப் பணத்தை மானியமா வாங்கக் கூடாதுனு ஸ்ரீதர் வேம்பு காரணம் சொன்னார். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் 'ச்சே, பின்வாங்கிட்டாரே'ன்னாங்க. எனக்கு அந்த வருஷத்துல பிடிச்ச டெக் நியூஸே அதுதான். ரிப்பன் வெட்டிட்டு பூட்டுப் போடுறதைவிட, வெட்டாம இருக்கிறது மேல் இல்லையா?

எனக்கு நம்பிக்கை தர்ற நியூஸ் வேற ஒண்ணு. சத்தமே இல்லாம வந்தது. ஐஐடி மெட்ராஸ்ல பேராசிரியர் காமகோடி டீம் பண்ணின 'சக்தி' ப்ராசஸர். 2018-ல் முதல் சிப்புகள் வந்துச்சு. 2025 பிப்ரவரியில 'ஐரிஸ்'னு, இஸ்ரோவோட சேர்ந்து, விண்வெளி வேலைக்கு ஒண்ணு பண்ணினாங்க. செஞ்ச இடம், எரிஞ்சு எழுந்த அதே மொஹாலி! ஸ்பீடுல உங்க போன் சிப்புக்குக் கிட்டக்கூட வராது. கேம் ஆட முடியாது. ஆனா அது 'ரிஸ்க்-ஃபைவ்'ங்கிற பொது இலக்கணத்துல எழுதினது. அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல 2010-ல் ஆரம்பிச்சது, யாரும் காசு கொடுக்காம எடுத்து எழுதலாம். அட்டையை எடுத்துக்கிட்டுப் போறேன்னு எந்த முதலாளியும் வந்து நிக்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அந்த ஸ்லோ சிப் மேல லவ்.

எங்க ஊர் வர்த்தமானர் கோயில்ல ஒரு சங்கீத மண்டபம் இருக்கு. 1387-ல் விஜயநகர மந்திரி இருகப்பர் கட்டினது. நிமிர்ந்து பார்த்தா விதானம் முழுக்க ஓவியம், தீர்த்தங்கரர் கதைகள் காமிக்ஸ் மாதிரி வரிசை வரிசையா போகும். கட்டினவர் யாருனு கல்வெட்டு சொல்லுது, ஆர்க்கியாலஜி போர்டும் சொல்லுது. அண்ணாந்து கழுத்து வலிக்க வலிக்க வரைஞ்சவங்களைப் பத்தி போர்டுல ஒரு வரி கிடையாது. டிசைன்ட் பை, அசெம்பிள்ட் இன் கதையெல்லாம் அப்பவே இருந்திருக்கு பாருங்க. எங்க ஊருக்கு வந்தா அவசியம் போங்க. ஃப்ளாஷ் போட்டு போட்டோ எடுக்காதீங்க, ப்ளீஸ்.

இப்போ என் மேட்டர். அடுத்த செமஸ்டருக்கு எலெக்டிவ் எடுக்கணும். டேட்டா சயின்ஸ் பக்கம் திருவிழாக் கூட்டம். விஎல்எஸ்ஐ பக்கம் பதினோரு பேர். லேப்ல எஃப்பிஜிஏ போர்டு மொத்தம் நாலு, அதுல ஒண்ணு மக்கர். நான் பன்னிரண்டாவது ஆளா பேர் கொடுத்திருக்கேன். 'ப்ளேஸ்மென்ட் கிடைக்குமா?'னு அம்மா கேட்டாங்க. கிடைக்கும், கூலிதான், தெரிஞ்சேதான் போறேன். ஆனா ராத்திரி நேரத்துல ரிஸ்க்-ஃபைவ்ல ஒரு குட்டி ப்ராசஸர் எழுதிட்டு இருக்கோம், நானும் இன்னும் ரெண்டு பேரும். இப்போதைக்கு அது ரெண்டு நம்பரைக் கூட்டும். கழிக்கச் சொன்னா முறைக்கும்.

ஜூலையில இருந்து கேம்பஸுக்குக் கம்பெனிங்க வர ஆரம்பிப்பாங்க. கலர் கலரா ஸ்லைடு போட்டு, நீச்சல் குளம், டேபிள் டென்னிஸ் எல்லாம் காட்டிட்டு, கடைசியில "எனி கொஸ்டின்ஸ்?"னு கேட்பாங்கல்ல... போன வருஷம் சீனியர்ஸ்ல ஒருத்தர்கூடக் கை தூக்கலையாம். நான் நாலாவது வரிசையில இருப்பேன். கேட்கப் போறது இதுதான்... "சார், உங்க அட்டை எந்த ஊர்ல இருக்கு?" அவருக்குப் புரியலைனா, தறியில இருந்து ஆரம்பிச்சு விளக்கறதுக்கு எனக்குப் பத்து நிமிஷம் ஆகும். பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க லஞ்சுக்கு லேட்டாகுதுனு திட்டக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்!